சீனாவின் சிக்கல்கள்: வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு மாலை வகுப்பில் பொருளாதாரம் எடுக்கிறேன். பாடம் எதுவாக இருந்தாலும் கடைசிப் பத்து நிமிடத்தில் யாராவது ஒருவர் சீனாவுக்குப் போய்விடுவார். ஒவ்வொரு பேட்சிலும் அதே சந்தேகங்கள்தான், நானும் அதே பதிலைத்தான் சொல்கிறேன், ஒவ்வொரு முறையும் எதையாவது விட்டும்விடுகிறேன். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று இது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்க்கிறவர்கள் ஒரு யுவானை 12 ரூபாய் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள்.

1. சீனா இன்னும் கம்யூனிஸ்ட் நாடுதானா சார், இல்ல பேருக்கு மட்டும்தானா?

கடைத்தெருவைப் பார்த்தால் இல்லை, நாற்காலியைப் பார்த்தால் ஆமாம். 1978-க்குப் பிறகு, மாவோவுக்கு அடுத்து வந்த தலைவர் டெங் சியாவ்பிங் சந்தையைத் திறந்துவிட்டார். இன்று நகரத்து வேலைகளில் 80 சதவீதத்துக்கு மேல் தனியார் தருவதுதான் என்று அவர்களே சொல்கிறார்கள். ஆனால் பெரிய வங்கிகள், எண்ணெய், மின்சாரம், ரயில், தொலைபேசி எல்லாம் அரசின் கையில். நகரத்து நிலம் முழுக்க அரசுக்குச் சொந்தம். நீங்கள் அங்கே ஃபிளாட் வாங்கினால் அடியில் இருக்கிற நிலத்தை 70 ஆண்டு பயன்படுத்தும் உரிமைதான் உங்களுக்கு. இந்த நில விஷயத்தை மறக்காதீர்கள், பாதிக் கதை அதில்தான் இருக்கிறது.

அரசியலில் சந்தேகமே வேண்டாம். கட்சியில் 10 கோடிப் பேர் உறுப்பினர்கள். ராணுவம் சட்டப்படியே கட்சியின் தலைமைக்குக் கீழ். ஒரு நகரத்துக்கு மேயர் இருப்பார், ஆனால் அவருக்கு மேலே அந்த நகரத்தின் கட்சிச் செயலாளர் இருப்பார், முடிவு அவருடையது. அந்தச் செயலாளரை நகரத்து மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மேலிடம்தான் அனுப்பிவைக்கிறது. அதனால் அவர் பார்ப்பதும் மேலே மட்டும்தான்.

2. வருஷம் 5 சதவீதம் வளருதே, அதுல என்ன பிரச்சினை? நாம அந்த அளவு கடன்காரனா இருந்தாக்கூட சந்தோஷம்தானே?

மற்ற நாடுகளில் ஆண்டு முடிந்த பிறகு வளர்ச்சியைக் கணக்கிடுவார்கள். சீனாவில் மார்ச் மாதமே இவ்வளவு வளர வேண்டும் என்று இலக்கு அறிவித்துவிடுவார்கள், அதே போல மாகாணத்துக்கு, நகரத்துக்கு, மாவட்டத்துக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கு இருக்கும். 2024-க்கு இலக்கு “சுமார் 5”. வந்தது 5.0. நம் வகுப்பில் யாராவது இப்படி மார்க் வாங்கினால் பேப்பரை இன்னொரு முறை பார்ப்பேன்.

எண் முழுப் பொய் என்று சொல்ல வரவில்லை. வளர்ச்சி எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. ஒரு பாலம் கட்டினால், கட்டிய ஆண்டில் சிமென்ட், கம்பி, கூலி எல்லாம் வளர்ச்சிக் கணக்கில் சேர்ந்துவிடும். அதன்மேல் நாளைக்கு வண்டி போகிறதா, போட்ட பணம் திரும்புகிறதா என்பது அந்தக் கணக்கில் வராது, கடன் கணக்கில் வரும். அதோடு 2023-லும் 2024-லும் பொருளாதாரம் முழுவதற்குமான விலைமட்டம் இறங்கியிருக்கிறது. அதாவது பொருள் நிறைய உற்பத்தியாகிறது, ஆனால் விற்றுக் கிடைக்கும் பணம் அந்த வேகத்தில் கூடவில்லை. கம்பெனி லாபமும் சம்பளமும் வரி வருமானமும் அந்தப் பணத்தில்தான் வர வேண்டும். கடன் தவணைக்கு விலை இறங்கியது தெரியாது, அது பழைய தொகையையே கேட்கும்.

3. உள்ளாட்சிக் கடன், உள்ளாட்சிக் கடன்னு சொல்றாங்களே, அது என்ன? பெய்ஜிங்கில பணம் கொட்டிக் கிடக்குதுதானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

1990-களின் தொடக்கத்தில் வரி வசூல் பெரும்பாலும் மாகாணங்களிடம் தங்கிவிட்டது, மத்திய அரசு கைச்செலவுக்கே திண்டாடியது. அப்போதைய துணைப் பிரதமர் ஜூ ரோங்ஜி முன்னின்று 1994-இல் வரிப் பங்கீட்டைத் தலைகீழாக மாற்றினார். மதிப்புக்கூட்டு வரியில் 75 சதவீதம் மையத்துக்கு, மீதி 25 கீழே இருப்பவர்களுக்கு. பணம் மேலே போனது, பொறுப்புகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஓய்வூதியம், சாலை எல்லாம் கீழேதான். இன்றும் நாட்டின் அரசுச் செலவில் 80 சதவீதத்துக்கு மேல் உள்ளாட்சிகள் செய்கிறவை. மையம் திருப்பி அனுப்பும் பணம் உண்டு, ஆனால் அது போதவில்லை. போதாததற்கு, கடன் வாங்கவும் கூடாது என்று அப்போது சட்டம் போட்டுவிட்டார்கள். ஆனால் வளர்ச்சி காட்டினால்தான் பதவி உயர்வு.

மனுஷன் என்ன செய்வான்? கையில் இருந்தது நிலம். விவசாயிகளிடம் குறைந்த விலைக்கு எடுத்து, வீடு கட்டும் கம்பெனிகளுக்குப் பெரிய விலைக்கு விட்டார்கள். கடன் தடையைத் தாண்டுவதற்கு, அரசு நேரடியாக வாங்காமல், தானே ஒரு கம்பெனி ஆரம்பித்து அதன் பெயரில் வாங்கியது. பேப்பரில் அது கம்பெனிக் கடன். 2008 உலக நெருக்கடியின்போது மையமே 4 லட்சம் கோடி யுவான் ஊக்கத் திட்டம் அறிவித்தது, அதில் பெரும்பகுதியை நீங்களே புரட்டிக்கொள்ளுங்கள் என்றது. அதன் பிறகு இந்தக் கம்பெனிகள் ஊருக்கு ஊர் முளைத்தன. இந்தக் கம்பெனிக் கடன்கள் மொத்தமாகச் சேர்ந்தால் நாட்டின் ஆண்டு உற்பத்தியில் ஏறக்குறையப் பாதி வரும் என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கு. அரசே ஒப்புக்கொண்ட “மறைமுகக் கடன்” 2023 இறுதியில் 14.3 லட்சம் கோடி யுவான்.

4. ஒரு உதாரணம் சொல்லுங்க சார், லட்சம் கோடின்னா மண்டையில ஏறல.

நியாயம்தான். குய்சோ என்று தென்மேற்கில் ஒரு மலை மாகாணம், ஏழை மாகாணங்களில் ஒன்று. உலகின் மிக உயரமான நூறு பாலங்களில் ஏறக்குறையப் பாதி அங்கேதான் இருக்கின்றன. அந்த மாகாணத்தில் டுஷான் என்று ஒரு மாவட்டம், மூன்றரை லட்சம் பேர் வாழும் இடம். ஆண்டு வருமானம் 100 கோடி யுவானைத் தொடாது. அங்கே ஒரு கட்சிச் செயலாளர் வந்து, 99.9 மீட்டர் உயரத்துக்கு ஒரு மர வேலைப்பாட்டுக் கோபுரக் கட்டடம், பெய்ஜிங் அரண்மனையைப் பார்த்துச் செய்த ஒரு நகல் என்று கட்டித் தள்ளினார். 2020-இல் ஒரு காணொளி பரவியபோது, மொத்தக் கடன் 4,000 கோடி யுவான் என்று நாடே தெரிந்துகொண்டது. பல கடன்களுக்கு வட்டி 10 சதவீதத்துக்கு மேல். வருமானம் மொத்தத்தையும் கொடுத்தாலும் வட்டிக்கே காணாது. செயலாளர் மாட்டிக்கொண்டார், கட்டடம் அப்படியே நின்றது.

அதே மாகாணத்தில் ஸுன்யி நகரத்தின் சாலை, பாலக் கம்பெனி ஒன்று தன் 1,560 கோடி யுவான் வங்கிக் கடனை 20 ஆண்டுக்குத் தள்ளிவைத்தது. முதல் 10 ஆண்டு வட்டி மட்டும் கட்டினால் போதும். வங்கிக்கு வேறு வழியில்லை, ஒப்புக்கொண்டது. 2023-இல் மாகாண அரசின் ஆய்வு மையமே, இதை எங்கள் சொந்தச் சக்தியில் தீர்ப்பது ரொம்பக் கடினம் என்று வெளிப்படையாக எழுதியது. சீனாவில் ஓர் அரசு அமைப்பு அப்படி எழுதுவது சாதாரணம் இல்லை.

5. எவர்கிராண்ட் ஏன் விழுந்துச்சு? அவ்ளோ பெரிய கம்பெனியை அரசே விழ விட்டுச்சா?

ஆமாம், ஒரு வகையில் அரசேதான் தள்ளிவிட்டது. வீடு விற்கும் கம்பெனிகள் கடனில் மிதக்கின்றன என்று 2020 ஆகஸ்டில் “மூன்று சிவப்புக் கோடுகள்” போட்டார்கள். கடன் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் புதுக் கடன் கிடையாது. கோடு போட்டதைத் தப்பு என்று சொல்ல முடியாது, பதினைந்து வருஷம் தாமதம், அவ்வளவுதான். எவர்கிராண்டின் பொறுப்புகள் 30,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தன. புதுக் கடனை வைத்துப் பழைய கடனை அடைத்துக்கொண்டிருந்தவர்களுக்குக் குழாயை மூடினால் என்ன ஆகும்? 2021 டிசம்பரில் தவணை தவறியது, 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் கம்பெனியைக் கலைக்க உத்தரவிட்டது. 2019, 2020 இரண்டு ஆண்டுகளில் மட்டும் வருமானத்தை 56,400 கோடி யுவான் அளவுக்கு ஊதிக் காட்டியிருந்தது என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பு பிறகு சொன்னது. நம்பிப் பணம் போட்டவன் கணக்கில் என்னத்தைப் பார்த்திருப்பான்!

அடிபட்டவர்கள் யார் என்பது முக்கியம். அங்கே வீடு கட்டி முடிக்கும் முன்பே முன்பணமும் வங்கிக் கடனுமாக முழு விலையையும் வாங்கிவிடுவார்கள், மறு மாதமே தவணை ஆரம்பம். கம்பெனி பாதியில் நின்றதும் கூரையில்லாத வீட்டுக்கு மாதா மாதம் தவணை. 2022 கோடையில் ஜிங்டேஜென் நகரத்தில் எவர்கிராண்ட் வீடு வாங்கியவர்கள், வேலையைத் தொடங்காவிட்டால் தவணை கட்ட மாட்டோம் என்று கடிதம் வெளியிட்டார்கள். சில வாரங்களில் அது நாடு முழுக்க 300-க்கும் மேற்பட்ட குடியிருப்புத் திட்டங்களுக்குப் பரவியது. இதில் கையெழுத்துப் போட்டவர்கள் புரட்சிக்காரர்கள் கிடையாது. ஒழுங்காகத் தவணை கட்டிக்கொண்டிருந்த நடுத்தர வர்க்கம்.

6. வீட்டு விலை இறங்கினா நல்லதுதானே? ஏழைங்க வாங்கலாமே?

புதிதாக வாங்கப் போகிறவனுக்கு நல்லது. ஆனால் சீனக் குடும்பங்களின் சொத்தில் 60 சதவீதத்துக்கு மேல் வீடுதான். வேறு எங்கே போட முடியும்? பங்குச் சந்தை சூதாட்டம் மாதிரி, வங்கி வட்டி குறைவு, பணத்தை வெளிநாட்டுக்கு எடுத்துப் போக ஆளுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் என்று வரம்பு. அதனால் தாத்தா பாட்டி சேமிப்பு வரை எல்லாம் சிமென்டில் போய் உட்கார்ந்தது. விலை இறங்கினால் தங்கள் கிழட்டுக் காலமே கரைகிற மாதிரி அவர்களுக்கு இருக்கும். செலவைக் குறைப்பார்கள்.

அப்புறம் 3-வது பதிலுக்குத் திரும்புங்கள். வீடு விற்காவிட்டால் கம்பெனிகள் நிலம் வாங்காது. 2021-இல் நில விற்பனையில் உள்ளாட்சிகளுக்கு வந்தது 8.7 லட்சம் கோடி யுவான், 2024-இல் 5 லட்சம் கோடிக்கும் கீழே. வருமானம் இவ்வளவு விழுந்தால் ஆசிரியர் சம்பளத்திலும் பஸ் சேவையிலும்தான் கை வைப்பார்கள், வைத்தும் இருக்கிறார்கள்.

7. அவங்க நிறைய சேமிக்கிறாங்களாமே, எடுத்துச் செலவு பண்ணச் சொன்னா முடிஞ்சுது?

சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள், இருபது வருஷமாக. நாட்டின் உற்பத்தியில் குடும்பங்கள் செலவு செய்வது சீனாவில் 40 சதவீதத்தை ஒட்டித்தான். இந்தியாவில் அது 60 பக்கம். சீனர்களுக்குச் செலவழிக்கத் தெரியாது, கஞ்சர்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது, அதை நான் ஏற்பதில்லை. உற்பத்தியில் குடும்பத்தின் கைக்கு வந்து சேரும் பங்கே சிறியது. மீதி கம்பெனிக்கும் அரசுக்கும் போகிறது. வந்ததையும் பூட்டி வைக்கக் காரணம் இருக்கிறது. கிராமத்து முதியவருக்கு மையம் நிர்ணயித்த அடிப்படை ஓய்வூதியம் 2025-இல் மாதம் 143 யுவான். மாகாணங்கள் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கும், அவ்வளவே. நகரத்தில் அரசு வேலையில் ஓய்வு பெற்றவருக்கு ஆயிரக்கணக்கில் வரும். “கம்யூனிஸ்ட் நாட்டில் இலவசமாகத்தானே இருக்கும்” என்று நினைக்கிறவர்கள் இந்த 143-ஐக் குறித்துக்கொள்ளுங்கள்.

2020 மே மாதம் அப்போதைய பிரதமர் லி கெச்சியாங் பத்திரிகையாளர் சந்திப்பிலேயே சொன்னார்: 60 கோடிப் பேருக்கு மாத வருமானம் 1,000 யுவான் அளவில்தான் இருக்கிறது என்று. உயரமான பாலங்களையும் அதிவேக ரயிலையும் பார்த்துப் பழகியவர்களுக்கு அது அதிர்ச்சி. அங்கே இருப்பவர்களுக்கே அதிர்ச்சி.

8. ஹுகோ, ஹுகோன்னு படிச்சேன். நம்ம ரேஷன் கார்டு மாதிரியா?

ரேஷன் கார்டை முகவரி மாற்றிக்கொள்ளலாமே, இது அப்படி இல்லை. 1958-இல் வந்த குடும்பப் பதிவு முறை. எந்த ஊரில் பதிவோ, அந்த ஊரில்தான் அரசுப் பள்ளி, மருத்துவக் காப்பீடு, மற்ற சலுகை எல்லாம். கிராமத்துப் பதிவு வைத்துக்கொண்டு ஊர்விட்டு ஊர் போயோ உள்ளூரிலேயோ விவசாயம் அல்லாத வேலை பார்ப்பவர்கள் ஏறக்குறைய 30 கோடி. ஷென்ஜென் ஆலையில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தாலும் அவர் ஷென்ஜென்காரர் இல்லை. பிள்ளையைக் கூட வைத்துக்கொண்டால் பள்ளிக்கூடத்துக்கு அலைச்சல், அதனால் கோடிக்கணக்கான பிள்ளைகள் கிராமத்தில் பாட்டியிடம். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வையும் பெரும்பாலும் பதிவு இருக்கிற ஊருக்குத் திரும்பிப் போய்த்தான் எழுத வேண்டும்.

சின்ன நகரங்களில் இப்போது தளர்த்திவிட்டார்கள். பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் இல்லை. வேலை இருக்கிற ஊரில் பதிவு கிடைக்காது, பதிவு கிடைக்கிற ஊரில் வேலை இல்லை.

9. படிச்ச பசங்களுக்கே வேலை இல்லையாமே? தொழிற்சாலை நாடாச்சே அது?

2023 ஜூனில் நகரங்களில் 16 முதல் 24 வயது வரை உள்ளவர்களின் வேலையின்மை 21.3 சதவீதம். அடுத்த மாத எண் என்ன என்று எல்லோரும் காத்திருந்தபோது, ஆகஸ்டில் அந்த எண்ணை வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள். 2024 ஜனவரியில் மாணவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுப் புது முறையில் வெளியிட்டார்கள், 14.9 என்று. மாணவர்களை நீக்கியதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். நிறுத்திய நேரத்துக்குச் சொல்ல முடியாது.

தொழிற்சாலையில் ஆள் தேவைதான். ஆனால் 2024-இல் மட்டும் ஏறக்குறைய 1 கோடியே 18 லட்சம் பேர் பட்டம் வாங்கி வந்தார்கள், அவர்களை வாங்கிக்கொண்டிருந்தது இணைய நிறுவனங்கள், டியூஷன் நிறுவனங்கள், வீட்டுத் தொழில். மூன்றையும் ஒரே காலத்தில் அரசு அடித்தது. 2020 நவம்பரில் அலிபாபா நிறுவனர் ஜாக் மாவின் இணையப் பணப் பரிமாற்ற நிறுவனமான ஆன்ட் குழுமம் பங்கு வெளியிட இரண்டு நாள் இருக்கும்போது நிறுத்தினார்கள், 2021 ஜூலையில் பள்ளிப் பாடங்களுக்கு லாபத்துக்காக டியூஷன் நடத்தக் கூடாது என்றார்கள். (தொழில் முறையில் எனக்குக் கொஞ்சம் வயிறு கலங்கிய செய்தி அது.) வீட்டுத் தொழில் கதை 5-இல் பார்த்தோம்.

அதனால் எல்லோரும் அரசு வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். 2025-க்கான மத்திய அரசுப் பணித் தேர்வில் சுமார் 39,700 இடத்துக்கு 34 லட்சம் பேர். தேர்வில் தேறுவதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் “கரையேறுவது”. இதைச் சொன்னபோது வகுப்பில் யாருமே சிரிக்கவில்லை, எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

10. ஒரு குழந்தைச் சட்டத்தை எடுத்துட்டாங்களே, இனி பிள்ளை பிறக்குமே?

எடுத்து 2016-இல் இரண்டு, 2021-இல் மூன்று என்று ஆக்கினார்கள். 2016-இல் பிறந்தவை 1 கோடியே 80 லட்சம் அளவில். 2023-இல் 90 லட்சம். அனுமதி கூடக் கூடப் பிறப்பு பாதியானது. 2022 முதல் மொத்த மக்கள்தொகையே குறைகிறது, பெரும் பஞ்சம் முடிந்த 1961-க்குப் பிறகு முதல் தடவை. பிள்ளை பெற்றதற்காக ஒரு காலத்தில் அபராதம் கட்டிய தாய், இன்று தன் மகளிடம் பிள்ளை பெற்றுக்கொள் என்று சொல்லும் அதிகாரியைப் பார்க்கிறாள்.

வீட்டு விலை, பள்ளிச் செலவு, வேலை நிச்சயமின்மை எல்லாம் மேலே வந்துவிட்டது. புதிதாகச் சொல்ல வேண்டியது ஓய்வு வயது. ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 50 அல்லது 55 என்று 1950-களில் வைத்ததை 2025 ஜனவரி முதல் பதினைந்து ஆண்டில் மெல்ல 63, 55, 58 என்று ஏற்றுகிறார்கள். ஒரே பிள்ளை, அவனுக்குப் பெற்றோர் இருவர், தாத்தா பாட்டி நான்கு பேர். ஓய்வூதியப் பணத்தையும் கட்ட வேண்டிய ஆள் அவன்தான்.

11. இவ்ளோ கஷ்டம்னா மக்கள் ஏன் போராடல? பயமா?

போராடுகிறார்கள். சம்பள பாக்கிக்கு, நிலத்துக்கு, வீட்டுக்கு என்று தினமும் எங்காவது நடக்கிறது. 2011-இல் வூகான் என்ற மீன்பிடி கிராமம் (கொரோனாவின் வூஹான் வேறு, இது குவாங்தோங் மாகாணத்தில்) நிலத்தை விற்ற அதிகாரிகளை ஊரைவிட்டே துரத்தியது. ஆனால் கோபம் பெரும்பாலும் உள்ளூர் அதிகாரியோடு நிற்கிறது. பெய்ஜிங் நல்லது, நடுவில் இருப்பவன்தான் கெடுக்கிறான் என்ற நம்பிக்கை. மனு எழுதிக்கொண்டு பெய்ஜிங்குக்கு ரயிலேறுகிறவர்கள் இன்றும் உண்டு, வழியிலேயே மடக்கித் திருப்பி அனுப்பும் உள்ளூர் ஆட்களும் உண்டு. 3-வது பதிலைப் படித்திருந்தால் தெரியும், கெட்ட பெயரும் செலவைப் போலவே கீழேதான் இறங்குகிறது. இது மையத்துக்கு ரொம்ப வசதி.

பயமும் இருக்கிறது, அதற்குக் கருவியும் இருக்கிறது. 2022-இல் ஹெனான் மாகாணத்தில் சில கிராம வங்கிகள் பணத்தை முடக்கின. கேட்கப் போனவர்களின் செல்போனில் கொரோனா அனுமதிக் குறியீடு திடீரென்று சிவப்பானது. நோய் இல்லை, ஆனால் பஸ்ஸிலும் ஏற முடியாது, ஓட்டலுக்குள்ளும் போக முடியாது. 1,317 பேருக்கு இப்படிச் செய்தது பிறகு அம்பலமாகி ஐந்து அதிகாரிகள் தண்டிக்கப்பட்டார்கள். ஜூலையில் ஜெங்ஜோவில் மத்திய வங்கிக் கிளை முன் கூடியவர்களை வெள்ளைச் சட்டை போட்ட ஆட்கள் அடித்தார்கள். அடுத்த நாளே சின்னச் சேமிப்பாளர்களுக்குப் பணம் திருப்பித் தருவதாக அறிவிப்பு வந்தது. அடி முதல் நாள், பணம் அடுத்த நாள்.

கோபம் உள்ளூரைத் தாண்டியது 2022 நவம்பரில். சின்ஜியாங்கின் தலைநகர் உரும்சியில் ஓர் அடுக்குமாடித் தீவிபத்தில் பத்துப் பேர் இறந்தார்கள், ஊரடங்குத் தடுப்புகளால் தப்ப முடியாமல் போனது என்று மக்கள் கொதித்தார்கள். பல நகரங்களில் வெறும் வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், ஷாங்காயில் சிலர் கட்சித் தலைவரே இறங்கு என்று கத்தினார்கள். டிசம்பர் 7-ஆம் தேதி கட்டுப்பாடுகள் தளர்ந்தன. நின்றவர்களில் பலரைப் பிறகு வீட்டுக்கே போய்க் கூட்டிச் சென்றார்கள்.

12. ஷி ஜின்பிங் ஊழலை ஒழிச்சாரே, அதையும் சொல்லணும்ல?

சொல்ல வேண்டும். 2012-க்குப் பிறகு லட்சக்கணக்கில் அதிகாரிகள் மாட்டினார்கள், உள்நாட்டுப் பாதுகாப்பையே ஆண்ட ஜோ யோங்காங் 2015-இல் ஆயுள் தண்டனை வாங்கினார். மக்களிடம் அதற்கு உண்மையான வரவேற்பு இருந்தது. ஆனால் பத்து வருஷம் வேட்டையாடிய பிறகும், அவரே தேர்ந்தெடுத்த வெளியுறவு அமைச்சர் சின் காங் 2023 ஜூலையிலும் பாதுகாப்பு அமைச்சர் லி ஷாங்ஃபு அக்டோபரிலும் பதவி இழந்தார்கள். பழைய ஆட்களின் அழுக்கு என்ற சமாதானம் இங்கே செல்லாது. பத்திரிகையும் நீதிமன்றமும் கட்சிக்குள் அடக்கம் என்கிறபோது, கட்சியைக் கட்சிதான் பிடிக்க வேண்டும்.

பக்க விளைவு ஒன்று இருக்கிறது. முன்பு கீழே இருந்த அதிகாரி எதையாவது முயன்று பார்ப்பார், சரிவந்தால் நாடே எடுத்துக்கொள்ளும். 1978-இல் ஷியாவ்காங் கிராமத்து விவசாயிகள் ரகசியமாக நிலத்தைப் பிரித்துக்கொண்டதே அப்படி நாடு முழுக்கப் போனதுதான். இப்போது முயன்று தவறினால் விசாரணை, சும்மா இருந்தால் நாற்காலி. “படுத்துக்கிடக்கும் அதிகாரிகள்” என்று கட்சியே திட்டுகிறது.

அப்புறம் வாரிசு. 1982 அரசியல் சட்டத்தில் அதிபருக்கு இரண்டு தவணைதான் என்று வைத்திருந்தார்கள், மாவோவின் கடைசிக் காலத்தைப் பார்த்த தலைமுறை அது. 2018-இல் அதை எடுத்தார்கள், 2,958 ஓட்டு ஆதரவு, எதிர்ப்பு 2. அந்த இரண்டு பேர் யார் என்று எனக்கு இன்றும் ஆசை. அடுத்தவர் யார் என்று இன்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள முயல்வதே ஆபத்து.

13. அப்போ சோவியத் மாதிரி உடைஞ்சிடும், அதானே?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களில் பாதிப் பேர் ஆசையில் கேட்கிறார்கள், பாதிப் பேர் பயத்தில். இரண்டுக்கும் என் பதில் “இல்லை” என்பதுதான், குறைந்தது அந்த வழியில் உடையாது. சோவியத்துக்குத் தானியமே வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது, 1986-இல் எண்ணெய் விலை விழுந்ததும் வாங்க டாலர் இல்லை. சீனாவிடம் 3 லட்சம் கோடி டாலருக்கு மேல் கையிருப்பு. கடன் பெரும்பாலும் உள்நாட்டில், சொந்த நாணயத்தில். கொடுத்ததும் அரசு வங்கி, வாங்கியதும் அரசு கம்பெனி, ஆகவே 4-இல் பார்த்தபடி இருபது வருஷம் தள்ளிவைக்கலாம். சோவியத்தில் ரஷ்யர்கள் பாதிப் பேர்தான், சீனாவில் ஹான் இனத்தவர் 91 சதவீதம். சின்ஜியாங்கிலும் திபெத்திலும் நடப்பது கொடுமை, ஆனால் அது நாட்டை உடைக்கிற அளவு எண்ணிக்கை இல்லை.

ஒப்பிட வேண்டுமானால் 1990-க்குப் பிந்தைய ஜப்பானோடு ஒப்பிடுங்கள். வீட்டு விலை விழுந்தது, விலைவாசி இறங்கியது, முதுமை கூடியது. ஜப்பான் பணக்காரனான பிறகு அதில் விழுந்தது. சீனாவின் ஆள்வீத வருமானம் இன்னும் 13,000 டாலர் சுற்றித்தான்.

14. தீர்வு எல்லாருக்கும் தெரியுதே, அவங்களுக்கு மட்டும் தெரியாதா?

தெரியும். கிராமத்து ஓய்வூதியத்தைக் கூட்டு, ஹுகோவை எடு, உள்ளாட்சிக்கு நிலையான வரி கொடு. அவர்களின் பொருளாதார நிபுணர்களே எழுதுகிறார்கள். செய்யாததற்குக் காரணம் அறிவுக் குறை கிடையாது, கணக்கு வேறு.

சொத்து வரியைப் பாருங்கள். நில விற்பனைக்கு மாற்று அதுதான். 2011-இல் ஷாங்காயிலும் சோங்கிங்கிலும் சோதனை, 2021-இல் விரிவாக்க அனுமதி, அதன் பிறகு பேச்சே இல்லை. விலை விழும்போது வரி போட்டால் இன்னும் விழும் என்பது வெளியே சொல்லும் காரணம், உண்மையும்கூட. இன்னொன்று, மக்களிடம் நேராக வரி வாங்கினால் அந்தப் பணம் எங்கே போனது என்று அவர்கள் கேட்பார்கள். ஓய்வூதியத்தைக் கூட்டும் பேச்சு வந்தால், இலவசம் சோம்பேறிகளை வளர்க்கும் என்ற பொருளில் ஷி 2021-இல் எழுதியிருக்கிறார். கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர்!

குடும்பத்துக்குப் பணம் கொடுத்தால் அது எதை வாங்கும் என்பதைக் குடும்பம் தீர்மானிக்கும். ஆலைக்குக் கொடுத்தால் எதைச் செய்ய வேண்டும் என்று கட்சி தீர்மானிக்கலாம். அதனால் வீட்டுத் தொழிலுக்குப் போகாமல் நிறுத்திய வங்கிக் கடன் மின்சாரக் கார், பேட்டரி, சோலார் பக்கம் போனது. பல மாகாணங்கள் ஆளுக்கொரு கார் கம்பெனியை வளர்த்தன, உள்ளூரில் வாங்க ஆள் போதவில்லை, ஒருவரை ஒருவர் விலை குறைத்து அடித்துக்கொள்கிறார்கள், மிச்சம் கப்பலேறுகிறது. 2024-இல் ஏற்றுமதி இறக்குமதியைவிட ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி டாலர் அதிகம். வாங்குகிற நாடுகள் சுங்க வரி போடுகின்றன.

2024 நவம்பரில் 10 லட்சம் கோடி யுவான் அளவுக்கு உள்ளாட்சிகளின் மறைமுகக் கடனை வெளிப்படையான, வட்டி குறைந்த பத்திரமாக மாற்ற ஏற்பாடு செய்தார்கள். நல்ல வேலைதான், வட்டி மிச்சம். ஆனால் கடன் அதே உள்ளாட்சியின் பெயரில், 1994 பங்கீட்டின் அடிப்படை அப்படியே.

15. அவங்க புள்ளிவிவரமே நம்ப முடியாதுன்னு சொல்றீங்க, அப்புறம் நீங்களே எண்ணா அடுக்குறீங்களே?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். இதைக் கேட்ட பெண்ணுக்கு அன்றைக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

எல்லா எண்ணையும் ஒரே மாதிரி நம்புவதில்லை. எந்த எண்ணுக்காக யாருக்குப் பதவி உயர்வு கிடைக்குமோ, அதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன், மொத்த வளர்ச்சி அந்த வகை. 2007-இல் லியாவ்னிங் மாகாணச் செயலாளராக இருந்த லி கெச்சியாங் (7-இல் வந்தவர்தான்), அமெரிக்கத் தூதரோடு சாப்பிடும்போது, உற்பத்தி எண் மனிதர்கள் தயாரிப்பது, நான் மின்சாரப் பயன்பாடு, ரயில் சரக்கு, வங்கிக் கடன் மூன்றைத்தான் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். விக்கிலீக்ஸில் அந்தக் குறிப்பு கசிந்தபோது உலகத்துக்குத் தெரிந்தது. ஏற்றுமதியை வாங்கிய நாட்டின் இறக்குமதிக் கணக்கோடு பொருத்திப் பார்க்கலாம். எவர்கிராண்ட் கணக்கை ஒழுங்குமுறை அமைப்பு தோண்டிப் பார்த்திருக்கிறது. ஓய்வூதியத் தொகையைப் பொய்யாகக் கூட்டிச் சொன்னால் கிராமத்துக் கிழவி கேட்டுவிடுவாள். தங்களுக்கே பாதகமாக அவர்கள் வெளியிடும் எண், உதாரணமாக நில விற்பனை சரிந்தது, அதை நம்பலாம். நிதி அமைச்சகம் அதை ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி, பிப்ரவரியில் வெளியிடுகிறது, 5 சதவீதத்தை விட்டுவிட்டு நான் முதலில் தேடுவது அதைத்தான்.